ஆயிரம் லிட்டருக்கு ஒரு தொட்டி

ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வண்டி திரும்பியதுமே பழைய டிரம் கடைகள் கண்ணில் படத் தொடங்கின. தகரக் கூரை, முன்னால் கருவேலம் புதர், அதற்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய நீல டிரம்கள். பக்கத்தில் இரும்புக் கூண்டுக்குள் அடைபட்ட சதுர வெள்ளைத் தொட்டிகள். ஐபிசி டேங்க் என்று கேட்டால் போதும், எல்லாக் கடையிலும் புரிகிறது. ஆயிரம் லிட்டர் பிடிக்கும். 1.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அடியில் பலகையோ இரும்புச் சட்டமோ, ஒரு மூலையில் குழாய்த் திறப்பு. இந்தப் பகுதி ஆலைகளுக்குத் திரவமாக வரும் பல சரக்கு இதில்தான் வந்து இறங்குகிறது. காலியானதும் இந்தக் கடைகளுக்கு வந்துவிடும்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஓர் அக்வாபோனிக்ஸ் அமைப்பு வைக்க வேண்டும். மீன் தொட்டியின் தண்ணீர் செடிப் பாத்திக்குப் போகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாத்தி ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். கீரை அதை உண்ணும். தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கே வரும். இதில் பம்ப் கெட்டால் வேறு வாங்கலாம், செடி பட்டால் வேறு நடலாம். தண்ணீர் நிரப்பி மீன் விட்ட பிறகு தொட்டியை மாற்றுவது மட்டும் லேசில் நடக்காது. அதனால்தான் ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பேசி, பார்த்துப் பார்த்து வாங்குவோம் என்று கிளம்பினேன்.

கடைக்காரப் பையன் ஒவ்வொரு தொட்டியாகத் தட்டிக் காட்டினான். "எல்லாம் கழுவி வெச்சதுக்கா. கொஞ்சம் பினாயில் ஊத்தி அலசிட்டா புதுசு மாதிரி ஆயிடும்." நான் தட்டிப் பார்க்கவில்லை, ஒட்டியிருந்த தாள்களைப் படித்தேன். அபாயகரமான சரக்குக்கு உலகம் முழுவதும் ஒரே நான்கு இலக்க எண்தான். 1789 என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1824 காஸ்டிக் சோடாக் கரைசல். 1830 கந்தக அமிலம். சாய்சதுரக் கட்டத்துக்குள் எரியும் நெருப்போ மண்டையோடோ செத்த மீனோ வரைந்திருந்தால் அதற்குமேல் படிக்கவே வேண்டியதில்லை. ஒரு தொட்டியில் அந்தச் செத்த மீனையும் அதன் பின்னால் ஒரு பட்ட மரத்தையும் பார்த்தேன். நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதற்கான சின்னம் அது. மீன் வளர்க்க வந்தவளுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்!

தாளே இல்லாத தொட்டிகள்தான் அங்கே அதிகம். கிழித்திருக்கிறார்கள், அல்லது வெயிலில் வெளுத்திருக்கிறது. அமிலமும் காரமும் தண்ணீரில் கரைந்து போய்விடும். ஆனால் எண்ணெய்ப்பசை உள்ள கரைப்பான்களும் பூச்சிமருந்தும் அப்படிப் போவதில்லை. இந்தத் தொட்டிகள் பாலிஎதிலீனால் ஆனவை. அந்த ரகச் சரக்கைப் பிளாஸ்டிக்கின் உடம்பே கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு மெதுவாகத் தண்ணீருக்கு விடும். எத்தனை முறை அலசினாலும் அலசுவது மேற்பரப்பைத்தான்.

கடைசி வரிசையில் குளுக்கோஸ் சிரப் என்று அச்சடித்த தாளோடு ஒன்று கிடைத்தது. மிட்டாய், பிஸ்கட் செய்யும் இடங்களுக்குப் போகும் சரக்கு. உள்ளே பிசுபிசுப்பு இன்னும் இருந்தது, எறும்பும் இருந்தது. எறும்பைப் பார்த்ததில் எனக்கு நிம்மதி. பக்கத்து டீக்கடையில் இரண்டு குடம் வெந்நீர் வாங்கி உள்ளே ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு, டீ குடித்து வந்த பிறகு திறந்து முகர்ந்தேன். வெல்லப்பாகு வாசனைதான். பேசி முடித்து வண்டியில் ஏற்றினோம். காலித் தொட்டி ஏறக்குறைய அறுபது கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

அதை மீன் தொட்டியாக வைத்துக்கொள்வதா, வெட்டிச் செடிப் பாத்தியாக்குவதா என்று அப்போது முடிவு செய்யவில்லை. ஓட்டுநர் அண்ணன்தான் சொன்னார், ராணிப்பேட்டையில் டிரம் இன்னும் சல்லிசாகக் கிடைக்கும் என்று. நான் எப்படியும் ஆரோவில் வரை போவதாக இருந்தேன். சுற்று வழிதான், ஆனாலும் சரி என்றேன்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் காவேரிப்பாக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கரைமேல் ஏறினேன். பல்லவர் காலத்து ஏரி. பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் இதை நிரப்புகிறது. எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாத நீர்ப்பரப்பு. ஏரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதகின் ஞாபகம்தான் முதலில் வரும். நீரைத் தேக்குவது பாதி வேலை. எந்த மட்டத்திலிருந்து வெளியே விடுவது என்பது மீதிப் பாதி. புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளில் இன்றும் கல்தூண்களோடு நிற்கும் குமிழித்தூம்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நீர் போக ஒரு துளை, அடியில் சேறு போகச் சில துளைகள். நீரோடித் துளை, சேறோடித் துளை என்று அவற்றுக்குப் பெயர். ஏரிக்குள் இறங்கி ஒருவன் தூம்பைத் திறந்தால் தெளிந்த நீரோடு அடியில் படிந்த வண்டலும் வயலுக்குப் போய்ச் சேரும். வயலுக்கு உரம், ஏரிக்குத் தூர் குறைவு.

கொல்லையில் நான் வைக்கப் போகும் தொட்டிக்கும் இதே கணக்குதான். மீன் கழிவும் தின்னாத தீனியும் அடியில் படியும். அங்கேயே கிடந்து அழுகினால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேல்மட்டத் தண்ணீரைப் பாத்திக்கு வழியவிட்டால் செடிக்கு உணவும் போகாது, மீனுக்குச் சுத்தமும் கிடைக்காது. அடியிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குமுன் கழிவு ஓரிடத்தில் சேர வேண்டும். சதுரத் தொட்டியின் நான்கு மூலைகளிலும் நீரோட்டம் செத்துவிடும், கழிவு அங்கே ஒதுங்கும். வட்டத் தொட்டியில் தண்ணீரைச் சுவரோரம் சாய்வாக விட்டால் முழுத் தண்ணீரும் மெல்லச் சுழலும். டம்ளரில் காபியை ஆற்றிச் சுழற்றினால் அடியிலுள்ள தூள் நடுவில் போய்க் கூடுமே, அதுபோலக் கழிவு நடுவில் குவியும். கரீபியனில் செயின்ட் குரோய் தீவிலுள்ள வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராகோசி பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அமைப்பை உலகம் முழுவதும் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் மீன் தொட்டிகள் நான்கும் உருளை வடிவம்தான், ஒவ்வொன்றும் 7,800 லிட்டர். நீர் அரிதான தீவு அது. ஒவ்வொரு துளியையும் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டிய கட்டாயத்தில் பிறந்த அமைப்பு.

கரையிலிருந்து இறங்கும்போதே வண்டியில் இருக்கும் சதுரத் தொட்டி மீனுக்கு வேண்டாம், செடிக்குத்தான் என்று தீர்மானமாகிவிட்டது.

ராணிப்பேட்டையில் டிரம் உண்மையிலேயே மலிவு. அதற்குக் காரணம் இருக்கிறது. ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகள். ஃபார்மிக் அமிலம் வரும் நீலக் கேன்கள், தோலை மிருதுவாக்கும் எண்ணெய் வந்த 200 லிட்டர் டிரம்கள், சாயம் வந்த வாளிகள் எல்லாம் கடையில் மலைபோல் கிடந்தன. கடைக்காரர் பெரியவர், நல்ல மனிதர். நான் மீனுக்கு என்றதும் தானே சொன்னார்: "அம்மா, நாங்க இதுல குடிக்கிற தண்ணி வெக்க மாட்டோம். கட்டட வேலைக்குத் தண்ணி ஊத்தி வெக்க வாங்கிட்டுப் போவாங்க. மீனுக்குன்னா எனக்கே மனசு வரல."

அந்த ஊரில் அந்த வார்த்தைக்குக் கனம் அதிகம். குரோமியக் கழிவு குவிந்து நிலத்தடி நீர் கெட்ட ஊர் அது. 2006ல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக ஒரு சர்வதேச அமைப்பு ராணிப்பேட்டையைப் பட்டியலிட்டது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். கெடுதல் வரும் என்று முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் சொன்னார்கள். ஒரு டிரம் வாங்குவதற்கு உச்ச நீதிமன்றத்தைத் துணைக்கு அழைக்க வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆற்றையே நம்பிய மக்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் கிணறுகளை இழந்த இடத்தில் நின்றுகொண்டு, என்ன இருந்தது என்று தெரியாத ஒரு டிரம்மில் என் வீட்டுக் குழந்தைகள் தின்னும் மீனை எப்படி விடுவேன்? மீனும் செடியும் ஒரே தண்ணீரில் மாதக்கணக்கில் சுற்றும் அமைப்பு இது. உள்ளே வந்த நஞ்சுக்கு வெளியே போக வழி கிடையாது, எங்கள் உடம்பைத் தவிர.

பெரியவரிடம் சொல்லிக்கொண்டு வெறும் கையோடு கிளம்பினோம். ஆற்காட்டுப் பாலத்தில் ஏறியபோது பாலாறு மணலாகக் கிடந்தது.

செய்யாறு, வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையில் நீண்ட நேரம் கணக்கு. ஓட்டுநர் அண்ணனுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. "ஆயிரம் லிட்டர்ல எத்தன மீன் விடுவீங்க?" எண்ணிக்கையில் சொல்வதைவிட எடையில் சொல்வது சரி. வீட்டளவில் ஆயிரம் லிட்டருக்குப் பத்து முதல் இருபது கிலோ என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் கையேடு சொல்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்தோடு நிற்பது நல்லது. பத்துக் கிலோ மீன் நாளைக்கு நூறு கிராம் தீனி தின்னும் என்று வைத்துக்கொண்டால், கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாற்பது முதல் ஐம்பது கிராம் தீனி என்ற கணக்கில் இரண்டேகால் சதுர மீட்டர் பாத்தி வேண்டும். பின்னால் நிற்கும் ஐபிசி தொட்டியின் மேல்பாகத்தில் ஓரடிக்குச் சற்று அதிகமாக ஒரு வெட்டு, அடிப்பாகத்தில் அதேபோல் இன்னொன்று. ஒவ்வொன்றும் 1.2 சதுர மீட்டர். இரண்டு பாத்தி கச்சிதமாகக் கிடைத்துவிடுகிறது. கூண்டையும் சேர்த்து வெட்டினால் சுவர் பிதுங்காது. வெள்ளைப் பிளாஸ்டிக் வெளிச்சத்தை உள்ளே விடும், பாசி பிடிக்கும். அதனால் வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்து அதன்மேல் வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பும்.

வெயிலைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டேன். மொட்டைமாடியில் வைக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியைப் பலர் மீனுக்கு வைக்கிறார்கள். குறுகிய வாயை அகலமாக வெட்டினால் தோள்பட்டையின் வலு போய்விடும். வெட்டாவிட்டால் மீனைப் பார்க்க முடியாது. சித்திரை வெயிலில் அந்தச் சுவர் தொட முடியாமல் சுடும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற மீனுக்குத் தேவை கூடும், தண்ணீரில் இருப்பு குறையும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது. தடித்த சுவர், அகன்ற வாய், மார்பளவுக்கு மேல் போகாத ஆழம், வேப்பமர நிழல். இவையெல்லாம் காசு கொடுக்காமல் கிடைக்கும் ஆக்சிஜன்.

இன்னொரு தொட்டியும் வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஜல்லி நிரப்பிய பாத்தி நிரம்பி வடியும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 லிட்டரை ஏந்திக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து நிரம்பினால் ஆயிரம் லிட்டர் மீன் தொட்டியில் கால்வாசி இறங்கிவிடும். மீனுக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆகாது. அதனால் எல்லாவற்றிற்கும் கீழே ஒரு சேகரத் தொட்டி, பம்ப் அதற்குள். பம்ப் மீன் தொட்டிக்கு ஏற்றும், மீன் தொட்டி வழிந்து பாத்திக்குப் போகும், பாத்தி சேகரத் தொட்டியில் வடியும். எந்தக் குழாய் உடைந்தாலும் மீன் தொட்டி காலியாகாது. சேகரத் தொட்டி மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் சரிவராது. சுற்றியுள்ள மண் அழுத்தி நெளியும், ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறினால் மேலே மிதந்தும் வந்துவிடும். வந்தவாசி தாண்டி ஓர் ஊரில் கிணற்று உறை வார்க்கும் இடத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள உறை மூன்று அடுக்கினால் அறுநூறு லிட்டர். மண்ணுக்குள் இறக்கவே செய்த பொருள். உறை எங்கள் ஊரிலேயே கிடைக்கும் என்பதால் வாங்காமல் அளவை மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஆரோவில் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. செம்மண் பாதை, முந்திரித் தோப்பு. பல பத்தாண்டுகளாக அங்கே ஃபெர்ரோசிமெண்ட்டில் தொட்டி, கூரை, கதவு எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். கம்பிவலையும் கோழிவலையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் சிமெண்ட் சாந்தை அழுத்திப் பூசுவது. 1848ல் பிரான்சில் லம்போ என்பவர் இந்த முறையில் ஒரு படகையே செய்தார். மூன்று சென்டிமீட்டர் கனச் சுவர் ஆயிரம் லிட்டரைத் தாங்குமா என்று முதலில் பார்ப்பவர்கள் தயங்குவார்கள். வட்டச் சுவரைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரேபோல் தள்ளுகிறது. தட்டைச் சுவரை வளைக்கும் அந்த விசை, வட்டத்தில் சுவரைச் சுற்றிலும் இழுக்கும் விசையாக மாறிவிடுகிறது. அந்த இழுவையை உள்ளே இருக்கும் கம்பி வாங்கிக்கொள்ளும். ஐபிசி தொட்டிக்குக் கூண்டு வெளியே இருக்கிறது, இதற்கு உள்ளே.

குயிலாப்பாளையத்தில் ஒரு மேஸ்திரி பத்து வருடத்துக்கு முன் தான் கட்டிய தொட்டி ஒன்றைக் காட்டினார். வெளியே பாசி படர்ந்திருந்தது, ஒரு விரிசல் இல்லை. கையை வைத்தேன், பகல் முழுக்க வெயிலில் நின்ற சுவர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

எனக்கிருந்த ஒரே தயக்கம் சுண்ணாம்பு. புது சிமெண்ட் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பிஎச் 7ல் இருக்கும்போது அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 30 டிகிரியில் பிஎச் 8 ஆனால் ஏழு பங்கைத் தாண்டும், 9 ஆனால் ஏறக்குறைய பாதி. அதே அளவு கழிவு, அதே மீன், தொட்டி புதிது என்பதாலேயே செத்துப்போகும். இந்தப் பயணத்துக்கு முன் சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்க்கும் ஓர் அம்மாவைப் பார்த்திருந்தேன். வீட்டைச் சுற்றிலும் முழங்கால் உயர சிமெண்ட் தொட்டிகள், ஃபைட்டரும் கப்பியுமாக. அவர் சொன்னது: "புதுத் தொட்டியில உடனே மீன் விட்றாத கண்ணு. வாழை மரத்தை வெட்டித் துண்டு துண்டாப் போட்டுத் தண்ணி ரொப்பி ஊற விடு. அழுவி நாத்தம் வரும், கொட்டிட்டு மறுபடி ரொப்பு. தண்ணி வழவழன்னு இல்லாம இருந்தாத்தான் மீன்." அவர் கையில் பிஎச் தாள் இல்லை, விரல் இருந்தது. அழுகும் தண்டிலிருந்து வரும் அமிலம் சுண்ணாம்பைத் தணிக்கிறது என்பது அவர் செய்வதன் வேதியியல்.

தொடக்கத்தில் தொல்லை தரும் இதே சுண்ணாம்பு பிறகு துணையாகும். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்போது அமிலம் பிறக்கிறது. அக்வாபோனிக்ஸ் தண்ணீர் மாதங்கள் போகப் போகப் புளிக்கும், பிளாஸ்டிக் தொட்டிக்காரர்கள் அதைச் சரிக்கட்ட அடிக்கடி சுண்ணாம்பு போடுவார்கள். சிமெண்ட் சுவர் அதைத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பதிலுக்குச் சுவரும் மெல்லத் தேயும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை உள்பூச்சைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வேலையை நான் சந்தோஷமாகச் செய்வேன். என்ன மணல், என்ன சிமெண்ட், எந்தக் கம்பி என்று ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்து என் கண்முன்னால் உருவாகும் தொட்டி அல்லவா.

1.3 மீட்டர் விட்டம், 80 சென்டிமீட்டர் நீர் ஆழம். அதுவே ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஆனால் காலித் தொட்டியே முந்நூறு கிலோவுக்கு மேல் போகும், குட்டி யானையில் குலுங்கிக்கொண்டு செங்கல்பட்டு வந்தால் விரிசல் நிச்சயம். கொல்லையிலேயே கட்டிக் கொடுக்க மேஸ்திரி ஒப்புக்கொண்டார். தரையைக் கெட்டித்து ஓரடி மேடை போட்டு வைக்கச் சொன்னார். நிரம்பிய தொட்டி ஒன்றரை டன்னை நெருங்கும், ஒரு பக்கம் அமுங்கினால் எல்லாம் போச்சு. செப்பு, பித்தளைச் சாமான் எதுவும் தண்ணீரில் படக்கூடாது, மீனுக்கு ஆகாது என்று நான் சொன்னதும் பிவிசி பொருத்துகளை மட்டும் பட்டியலில் எழுதினார்.

துளை விஷயத்தில்தான் பேச்சு நீண்டது. "அடியில ஒரு ரெண்டு இன்ச் ஓட்டை வுட்டுட்டா கழுவ சுலபம் மேடம்," என்றார். எனக்கு நீர்மட்டத்துக்குக் கீழே எந்தத் துளையும் வேண்டாம். கசிந்தால் ஒரே இரவில் மீன் போய்விடும். குழாயின் வாய் நடுவில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில். அங்கிருந்து சேற்றோடு தண்ணீர் மேலேறி 80 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும். செங்கல் துண்டால் மண்ணில் வரைந்து காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப தரையை நடுப்பக்கம் சரிச்சுப் பூசணும். எவ்வளவு சரிவு?" இரண்டு அங்குலம் என்றேன். மூன்றாக இருக்கட்டும், வண்டல் நிற்காமல் இறங்கும் என்றார் அவர். சரி என்று எழுதிக்கொடுத்து முன்பணமும் தந்துவிட்டுக் கிளம்பினோம்.